பாத்திர விளையாட்டுத் துணைநூலை நாமே வெளியிடுவதற்கு முன்: திறந்த உரிமங்களைப் படித்து அறியும் முறை

கடலூரில் ஒரு மனை வாங்கப் போகிறவர், விற்பவரின் கையிலுள்ள கடைசிப் பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பதில்லை. தாய்ப்பத்திரம் எங்கே, இடையில் எத்தனை கை மாறியது, வில்லங்கச் சான்றில் என்ன வந்திருக்கிறது என்றெல்லாம் கேட்டுத் தெளிந்த பிறகே விலையைப் பற்றிப் பேசுவார். மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை நடத்தும் ரோல்பிளே விளையாட்டுகளுக்குத் துணைநூல் எழுதி, அதைத் தாமே பி.டி.எஃப். ஆகவோ அச்சிலோ விற்க விரும்புகிறவரும் தம் நூலைப் பற்றி இதே கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். திறந்த உரிமம் என்பது, இன்ன நிபந்தனைகளோடு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று உரிமையாளர் எல்லோருக்கும் பொதுவாக முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் அனுமதி. இந்த விதி யாருடைய எழுத்திலிருந்து வந்தது, எந்த அனுமதியின் பேரில் வந்தது, அந்த அனுமதி நம்மிடம் என்ன கேட்கிறது என்ற மூன்றுக்கும் விடை எழுதப்படாத நூல், வில்லங்கம் பார்க்காமல் வாங்கிய மனையைப் போன்றதே.

கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினக் கோட்டையைக் களமாகக் கொண்டு ஒரு சாகசத் துணைநூலை எழுதி முடிக்கும்போதுதான் இவற்றை நான் ஒவ்வொன்றாகக் கற்றேன். அந்த நூலையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, தமிழில் எழுதத் தொடங்குகிறவர்களுக்குப் பயன்படும் வரிசையில் இங்கே சொல்கிறேன்.

முதலில், அனுமதி எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஒருவர் எழுதிய சொல்வடிவத்தைக் காக்கிறது. அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருக்கும் கருத்தைக் காப்பதில்லை. கருத்துக்கும் கதைக்கருவுக்கும் வரலாற்றுச் செய்திக்கும் பதிப்புரிமை கிடையாது என்பதை உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக்கியது. எனவே, இருபது முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்டி, ஓர் இலக்கு எண்ணை எட்டினால் வெற்றி என்னும் முறையை யாரும் தம் சொந்தச் சொற்களில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த முறையை ஒரு நூல் விளக்கியிருக்கும் பத்தியை அப்படியே எடுத்தாலும், வரிக்கு வரி தமிழாக்கினாலும், அது அந்த நூலாசிரியரின் உரிமைக்குள் போய்விடுகிறது. மொழிபெயர்க்கும் உரிமையும் பதிப்புரிமையின் ஒரு பகுதி என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. தமிழில் இதுவரை யாரும் செய்யவில்லையே என்பது அனுமதி ஆகாது.

வரலாற்றுச் செய்தியிலும் இதே பிரிவினை உண்டு. 1690-இல் தேவனாம்பட்டினக் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தொலைவுக்கு உட்பட்ட ஊர்களெல்லாம் விற்பனையில் சேரும் என்று ஏற்பாடாயிற்று. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் நெடுங்காலம் வழங்கியது. என் சாகசத்தின் முதல் காட்சியே அந்தப் பீரங்கிச் சூடுதான்: எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்பதை ஆட்டக்காரர்கள் பகடையால் முடிவு செய்வார்கள். இந்தச் செய்தியைப் பயன்படுத்த யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை. ஆனால் அதை நான் முதலில் படித்த நூலின் வாக்கியங்களைப் பெட்டிச் செய்தியாக எடுத்துப் போட்டிருந்தால் தேவைப்பட்டிருக்கும். பழைய இலக்கியத்தை எடுத்தாள்வோர் காலக்கணக்கையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஆசிரியரின் ஆயுளுக்குப் பின், அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். 1874-இல் மறைந்த வடலூர் வள்ளலாரின் பாடலை ஒரு சித்தர் பாத்திரத்தின் வாயில் வைப்பதில் தடையில்லை. அதற்கு இக்காலத்தவர் எழுதிய உரையை எடுத்தால் தடை உண்டு.

விதிகளின் மூல ஆவணம்

பெரிய விளையாட்டு நிறுவனங்கள் பல தங்கள் முழு நூலையும் திறந்து விடுவதில்லை. பிறர் பயன்படுத்துவதற்கென்று ஒரு சுருக்க ஆவணத்தைத் தனியாக வெளியிடுகின்றன, அதற்கு சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட், சுருக்கமாக எஸ்.ஆர்.டி., என்று பெயர். அனுமதி அந்த ஆவணத்துக்கு மட்டுமே உண்டு. கடையில் வாங்கிய நூலுக்கு இல்லை. புதியவர்கள் அதிகமாகத் தவறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

இவ்வகை விளையாட்டுகளில் புகழ்பெற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்புக்குரிய எஸ்.ஆர்.டி. 5.1-இல், போர்வீரர், மந்திரவாதி என்று பாத்திரத்தின் தொழிலைக் குறிக்கும் பன்னிரண்டு வகுப்புகளும் உண்டு. ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே ஓர் உள்வகுப்புதான் தரப்பட்டிருக்கிறது. பாத்திரத்தின் பின்னணிகளில் ஒன்றும், சிறப்புத் திறன்களில் ஒன்றுமே அதில் உண்டு. சில மந்திரங்களின் பெயரிலிருந்து அவற்றை உருவாக்கியதாகக் கதையில் வரும் மந்திரவாதிகளின் பெயர்கள் நீக்கப்பட்டிருக்கின்றன. கையிலிருக்கும் ஆட்டக்காரர் நூலைப் பார்த்து ஓர் உள்வகுப்பைத் தமிழில் எழுதிவிட்டு, இது திறந்த விளையாட்டுதானே என்று சொல்ல முடியாது. எழுதும்போது அச்சு நூலை அலமாரியில் வைத்துவிட்டு, எஸ்.ஆர்.டி. கோப்பை மட்டும் திரையில் திறந்து வைத்துக்கொள்வது என் வழக்கம். இவ்வளவு எளிய கட்டுப்பாடு பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது.

இந்த ஆவணம் எந்த உரிமத்தின் கீழ் வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ஓப்பன் கேம் லைசென்ஸ் என்னும் ஓ.ஜி.எல். உரிமத்தைக் கொண்டு வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பல்லாயிரம் துணைநூல்கள் அதன் நிழலில் வெளிவந்தன. 2023 ஜனவரியில், பழைய உரிமத்தை விலக்கிக்கொண்டு கடுமையான புதிய உரிமம் ஒன்றைக் கொண்டுவரும் வரைவு கசிந்தது. பழைய உரிமத்தில் 'நிரந்தரமானது' என்ற சொல் இருந்தது. 'திரும்பப் பெற முடியாதது' என்ற சொல் இல்லை. அந்த ஒரு சொல்லின் இன்மையால் எத்தனையோ சிறு வெளியீட்டாளர்கள் அந்த மாதம் முழுவதும் உறக்கமின்றி இருந்தார்கள். எதிர்ப்பு பெருகவே, நிறுவனம் அதே மாத இறுதியில் பின்வாங்கி, எஸ்.ஆர்.டி. 5.1 முழுவதையும், கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் அமைப்பு எவரும் பயன்படுத்துவதற்கென வகுத்த பொது உரிமங்களுள் ஒன்றான பெயர்சுட்டல் 4.0 உரிமத்தின் கீழ் வெளியிட்டது. இந்த உரிமத்தில் திரும்பப் பெற முடியாது என்பது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2025-இல் வந்த எஸ்.ஆர்.டி. 5.2-உம் இதே உரிமத்தில் உள்ளது. ஒரு நூலைப் பல ஆண்டுகள் விற்க நினைக்கிறவர் உரிமத்தில் முதலில் தேட வேண்டிய சொல் எது என்பதை அந்த ஜனவரி எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது.

கிரியேட்டிவ் காமன்ஸ் வழியில் வருகிறவர் செய்ய வேண்டியவை சில. எஸ்.ஆர்.டி.யின் முதல் பக்கத்தில் தரப்பட்டுள்ள பெயர்சுட்டு வாசகத்தை அப்படியே, ஆங்கிலத்திலேயே, உங்கள் நூலின் உரிமைப் பக்கத்தில் சேருங்கள். அதன் கீழே தமிழாக்கம் தருவது வாசகர்களுக்கு உதவும். 5.1-க்கான வாசகமும் 5.2-க்கான வாசகமும் வேறு வேறு என்பதால், எந்தக் கோப்பிலிருந்து எடுத்தீர்களோ அதற்குரியதையே இடுங்கள். மாற்றம் செய்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்பது இந்த உரிமத்தின் கட்டளை. 'தமிழில் மொழிபெயர்த்துத் தேவைக்கேற்ப மாற்றப்பட்டது' என்ற ஒரு வரி போதும். 5.1-க்குப் பிரெஞ்சு வடிவமும் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள் அதிலிருந்து நேரடியாகத் தமிழாக்கினால், அந்தப் பிரெஞ்சுக் கோப்பில் உள்ள வாசகத்தையே மூலமாகக் காட்ட வேண்டும்.

பதிப்புரிமை அனுமதி வணிகக்குறிக்கான அனுமதி அல்ல. விதிகளை எடுத்துக்கொள்ளலாம் என்பதால், விளையாட்டின் பெயரையும் சின்னத்தையும் அட்டையில் போடும் உரிமை வந்துவிடுவதில்லை. வணிகக்குறிக்கு இந்த உரிமம் பொருந்தாது என்று அதன் உள்ளேயே எழுதியிருக்கிறது. 'ஐந்தாம் பதிப்புக்கு ஏற்றது' என்று போட்டுக்கொள்ளலாம் என்று அந்த நிறுவனமே எஸ்.ஆர்.டி.யில் சொல்லியிருப்பதால், அந்தச் சொற்றொடரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நான்கு குறிகளும் ஒரு தமிழாக்கமும்

கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது ஒரே உரிமம் அல்ல. பெயர் சுட்ட வேண்டும், அதே உரிமத்தில் பகிர வேண்டும், வணிக நோக்கம் கூடாது, மாற்றியதைப் பகிரக் கூடாது என்னும் நான்கு நிபந்தனைகள் வெவ்வேறு விதமாகச் சேர்ந்து ஆறு உரிமங்கள் ஆகின்றன. விலை வைத்து விற்கப் போகும் நூலுக்குள் 'வணிகமற்றது' என்ற குறியுள்ள எதையும் கொண்டு வராதீர்கள். 'மாற்றக்கூடாது' என்ற குறி இருந்தால் தமிழாக்கிப் பகிர வழியில்லை, ஏனெனில் மொழிபெயர்ப்பும் மாற்றமே.

நிதானமாகப் பார்க்க வேண்டியது 'அதே உரிமம்' என்ற குறியைத்தான். கெய்ர்ன் என்னும் சிறிய விளையாட்டைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் வட்டத்தில் பலரின் ஆசை. அதன் உரை பெயர்சுட்டல், அதே உரிமம் 4.0 என்ற உரிமத்தில் இருக்கிறது. தமிழாக்கம் செய்யலாம், நூறு ரூபாய்க்கு விற்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் தமிழாக்கமும் அதே உரிமத்தில்தான் வெளிவரும். அதை வாங்கிய சிதம்பரத்துக்காரர் ஒருவர் மறுநாளே படியெடுத்து இலவசமாகக் கொடுத்தாலும், பெயரைச் சுட்டியிருக்கும்வரை, நீங்கள் குறை சொல்ல முடியாது. இதை ஏற்க மனம் இல்லையென்றால் வேறு மூலத்தைத் தேடிக்கொள்வதே நேர்மை. ஏற்றுக்கொண்டால், நீங்கள் உருவாக்கிய தமிழ்க் கலைச்சொற்கள் அடுத்தவர் நூலிலும் தடையின்றிப் பரவும். தமிழில் இந்த விளையாட்டுகளுக்கு இன்னும் நிலைத்த சொற்கள் இல்லாத இந்தக் காலத்தில் அது பெரிய நன்மை என்பது என் எண்ணம்.

இரண்டு மூலங்களைக் கலந்து ஒன்றாக்கும்போது கவனம் வேண்டும். 'அதே உரிமம்' என்ற குறியுள்ள ஒன்றையும் 'வணிகமற்றது, அதே உரிமம்' என்ற குறிகளுள்ள இன்னொன்றையும் ஒரே விதியாகப் பின்னிவிட்டால், இரண்டில் எதன் நிபந்தனையையும் முழுமையாக நிறைவேற்ற முடியாது.

தாய்ப்பத்திரத் தொடர்

ஓ.ஜி.எல். 1.0ஏ உரிமத்தில் வந்த பழைய நூல்களிலிருந்து எடுக்க நேர்ந்தால், அந்த உரிமத்தின் முழு வாசகத்தையும் உங்கள் நூலில் அச்சிட வேண்டும். அதன் 15-ஆம் பிரிவைத்தான் தாய்ப்பத்திரத் தொடர் என்று நான் நினைத்துக்கொள்வேன். நீங்கள் எடுத்த நூலின் 15-ஆம் பிரிவில் எந்தெந்த நூல்களின் பதிப்புரிமை வரிகள் உள்ளனவோ, அவை அனைத்தையும் ஒன்றுவிடாமல் படியெடுத்து, கடைசியில் உங்கள் நூலின் வரியைச் சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு வரி விடுபட்டாலும் தொடர் அறுந்ததாகும். தவறு தெரிய வந்த 30 நாட்களுக்குள் திருத்தாவிட்டால் உரிமமே முடிந்துவிடும். மேலும், இந்த உரிமத்தில் ஒரே நூலுக்குள் திறந்த பகுதியும் மூடிய பகுதியும் கலந்திருக்கும். திறந்தவை எவை என்று அந்த நூலே எங்கோ ஒரு மூலையில், பெரும்பாலும் முதல் பக்கத்தின் சிறிய எழுத்தில், சொல்லியிருக்கும். அதைத் தேடிப் படிக்காமல் எடுக்கக் கூடாது. இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு, அதே விதிகள் கிரியேட்டிவ் காமன்ஸில் கிடைக்கும்போது, இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாத்ஃபைண்டர் என்னும் விளையாட்டை வெளியிடும் பைசோ நிறுவனத்தின் முன்முயற்சியில் 2023-இல் வந்த ஓர்க் உரிமம் இன்னொரு வழி. திருத்தியமைக்கப்பட்ட பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு இதன் கீழ் வருகிறது. இதில் விளையாட்டு விதிகள் தாமாகவே திறந்தவை ஆகின்றன. கதை, பாத்திரங்கள், ஓவியம், பெயர்கள் ஆகியவை தாமாகவே ஆசிரியரிடம் தங்கிவிடுகின்றன. விதியைத் திறந்து கதையைக் காத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு இது பொருந்தும். ஆனால் நீங்கள் புதிதாகச் சேர்க்கும் விதிகளும் பிறருக்குத் திறந்துவிடும் என்பதை அறிந்தே நுழைய வேண்டும்.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, விற்பனைத் தளங்களில் நிறுவனங்கள் நடத்தும் சமூகப் படைப்புத் திட்டங்கள். 2016 முதல் நடந்துவரும் டி.எம்.ஸ் கில்ட் அத்தகையது. அங்கே விசார்ட்ஸ் நிறுவனத்தின் கற்பனை உலகங்களையே பயன்படுத்தலாம். அதற்கு ஈடாக வருவாயில் பாதி போய்விடும். நூலை வேறெங்கும் விற்கவும் முடியாது. இது ஓர் ஒப்பந்தம். திறந்த உரிமம் அல்ல. கெடிலம் ஆற்றையும் அரிக்கமேட்டையும் களமாக வைத்து எழுதுகிறவருக்கு அந்த உலகங்கள் தேவையுமில்லை.

படமும் எழுத்துருவும் கூட்டாளிகளும்

என் நூலின் அச்சுப்படி தயாராகிப் புதுச்சேரியில் ஓர் அச்சகத்தின் மேசை மீது விரித்திருந்த மாலை. பக்க வடிவமைப்பைச் செய்த தம்பி, கோட்டையின் வரைபடம் உள்ள பக்கத்தில் விரலை வைத்து, "அண்ணே, இதை எதைப் பார்த்து வரைஞ்சீங்க?" என்று கேட்டார். இணையத்தில் கிடைத்த ஒரு வரைபடத்தின் மேல் தாளை வைத்துப் படியெடுத்தேன் என்றேன். "அதுக்கு என்ன உரிமம்?" என்றார். கைப்பேசியில் தேடிப் பார்த்தபோது அதன் கீழே 'வணிகமற்றது' என்ற குறி இருந்தது. கோடுகள் என் கையால் இழுத்தவையே. ஆனால் அந்த மூலத்தைத் தழுவியவை. அச்சை நிறுத்தினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தேவனாம்பட்டினத்துக்கு நோட்டுப் புத்தகத்தோடு போய், இன்று எஞ்சியுள்ள இடங்களை நடந்து பார்த்து, வேறொரு வரைபடத்தை நானே வரைந்தேன். புதிய வரைபடத்தில் கெடிலம் கடலோடு சேரும் வளைவு, பழையதைவிட ஆட்டத்துக்குப் பொருத்தமாக அமைந்தது.

இணையப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் உள்ள ஒளிப்படங்களில் பல 'அதே உரிமம்' என்ற குறியுடன் இருக்கும். அப்படியொரு படத்தை மாற்றாமல் ஒரு பக்கத்தில் வைத்து, எடுத்தவரின் பெயரையும் உரிமத்தையும் குறித்தால், உங்கள் நூல் முழுவதும் அந்த உரிமத்துக்குள் போய்விடாது. அது ஒரு தொகுப்பாக மட்டுமே கருதப்படும். அதே படத்தின் மீது வண்ணம் தீட்டி அட்டை ஓவியமாக்கினால், அந்த ஓவியம் அதே உரிமத்தில் வெளிவர வேண்டும். தமிழ் எழுத்துருக்களில் நோட்டோ, மீரா இனிமை, முக்த மலர் போன்றவை எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தில் உள்ளன. இவற்றை பி.டி.எஃப்.-இல் பதித்து விற்கலாம். அதனால் உங்கள் நூலின் உரிமம் மாறுவதில்லை.

ஓவியம் வரைந்து கொடுத்தவர் உறவினரோ நண்பரோ ஆனாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். அதில் கால அளவு குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உலகெங்கும் பி.டி.எஃப். விற்கப் போகிறவர் இந்த இரண்டையும் வெறுமையாக விட்டால், பின்னாளில் அவருக்கே இடர். அத்துடன், ஓவியத்தைத் திறந்த உரிமத்தில் வெளியிடப் போகிறீர்களா, இல்லையா என்பதை ஓவியரிடம் முன்பே சொல்லி, அதையும் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். அவர் கொடுக்காத உரிமையை நீங்கள் ஊருக்குக் கொடுக்க முடியாது.

நீங்கள் கொடுப்பது எது

இறுதியாக உங்கள் நூலின் உரிமத்தை முடிவு செய்ய வேண்டும். எஸ்.ஆர்.டி. 5.1-ஐப் பயன்படுத்தியதாலேயே உங்கள் நூலைத் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெயர்சுட்டல் உரிமம் அதைக் கேட்பதில்லை. ஆயினும் விதிகளையும் அட்டவணைகளையும் திறந்து விடுவதையும், கதையையும் ஓவியங்களையும் வைத்துக்கொள்வதையுமே நான் தேர்ந்தெடுத்தேன். இப்படிப் பிரிக்கிறவர் பக்க எண்ணோடு பிரிக்க வேண்டும். 'சில பகுதிகள் திறந்தவை' என்று பொதுவாக எழுதினால், நல்லெண்ணத்தோடு எடுக்க வருகிறவர் எதை எடுப்பது என்று தெரியாமல் திரும்பிப் போய்விடுவார். கொடுத்த பிறகு மனம் மாறினாலும் திரும்பப் பெற முடியாது என்பதால், ஓர் இரவு தூங்கி எழுந்து முடிவு செய்வது நல்லது.

எழுதத் தொடங்கும் நாளிலேயே ஒரு தனித் தாளில் ஐந்து நெடுவரிசைகள் இடுங்கள்: என்ன எடுத்தேன், யாருடையது, எங்கிருந்து எந்த நாளில் எடுத்தேன், எந்த உரிமம், என்ன மாற்றினேன். ஒவ்வொரு விதியும் படமும் நூலுக்குள் நுழையும் அன்றே இதில் ஏற வேண்டும். நூல் முடிந்த பின் நினைவிலிருந்து எழுத முயன்றால் பாதி தப்பிவிடும். உரிமைப் பக்கம் இந்தத் தாளிலிருந்தே பிறக்கும். என் நூலில் அது இரண்டாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது:

"இந்நூலின் 6 முதல் 17 வரையுள்ள பக்கங்களின் விதிகளும் அட்டவணைகளும் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்சுட்டல் 4.0 பன்னாட்டு உரிமத்தின் கீழ் வழங்கப்படுகின்றன. இவற்றை எடுத்தாள்வோர் நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் குறிப்பிட்டு, மாற்றம் செய்திருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். ஏனைய பக்கங்களின் கதை, பாத்திரங்களின் பெயர்கள், வரைபடம், ஓவியங்கள் ஆகியவற்றின் உரிமை அனைத்தும் ஆசிரியருக்கும் ஓவியருக்கும் உரியது. எஸ்.ஆர்.டி. 5.1-லிருந்து எடுத்த பகுதிகள் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு மாற்றப்பட்டுள்ளன. அதற்குரிய ஆங்கில வாசகம் கீழே உள்ளது."

அதன் கீழே ஆங்கில வாசகம், உரிமத்தின் இணைய முகவரி, எழுத்துருவின் பெயர், பக்கங்களை வடிவமைத்த தம்பியின் பெயர் ஆகியவை வருகின்றன. பி.டி.எஃப். வடிவில் உரிமத்தின் முகவரி சொடுக்கினால் திறக்கும் இணைப்பாக இருக்க வேண்டும்; அச்சில் அதை முழுமையாக எழுத வேண்டும், ஏனெனில் தாளில் சொடுக்க முடியாது.